அடுக்களை காணப் போன ஜீப்

அடுத்தவன் வேலையில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன், சொந்த வீட்டில் ஒரு ஸ்க்ரூவைக்கூட முறுக்கக் கூடாது. இதைச் சட்டமாகவே கொண்டுவந்தாலும் நான் முதல் ஆளாகக் கை தூக்குவேன். நான் வளைகுடாவில் சேஃப்டி ஆபீசராக இருந்தவன். வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். கிரேனில் பாரம் தூக்கும் பட்டைகளையும் கொக்கிகளையும் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிக் கையெழுத்துப் போட வேண்டும்; சரியில்லை என்றால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு யாரையாவது திட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அங்கே என் கையெழுத்து இல்லாமல் ஒரு கொக்கி அசையாது. எங்கள் ஊரான முட்டத்தில் என் கையெழுத்தைக் கேட்டு வந்தவர் கூரியர்காரர் மட்டும்தான்.

அந்த முறை தங்கை செலினின் கல்யாணத்துக்காக லீவில் வந்திருந்தேன். வரும்போது பெட்டியில் சோப்பு, செண்ட், பாதாம் இவற்றோடு பச்சை ஸ்டிக்கர் ஒரு சுருளும் இருந்தது. (எதற்கு என்று கேட்காதீர்கள். போலீஸ்காரர் லீவில் வந்தாலும் லத்தியை வீட்டில் தொங்கவிடுவார் அல்லவா, அந்த மாதிரி ஒரு ஆறுதல்.)

எங்கள் வீட்டில் ஒரு பழைய ஜீப் உண்டு. அப்பா மீன் வியாபாரம் செய்த காலத்தில் பின்பாதிக் கூரையை எடுத்துவிட்டு, மீன்பெட்டி ஏற்ற வசதியாக மாற்றிய வண்டி. வெளியிலிருந்து கடற்காற்றும் உள்ளேயிருந்து பெட்டியில் வடியும் உப்புத் தண்ணீரும் வருஷக்கணக்காக அதைத் தின்றுகொண்டிருந்தன. அப்பா அதற்கு ஒரே வைத்தியம்தான் வைத்திருந்தார். கோவில் திருவிழாவுக்கு முன்னால் மீன்பிடி வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்டை ஜீப்புக்கும் அடித்துவிடுவார். துரு தெரிந்த இடத்தில் இன்னொரு கோட். அதனால் எந்தத் திருவிழாவுக்கும் எங்கள் ஜீப் புத்தம் புதுசாகத்தான் நிற்கும்.

அதன் பின்கதவு கீழ்நோக்கி மடங்கித் திறக்கும். திறந்தால் மேசைபோல் மட்டமாக நிற்க, இரண்டு பக்கமும் இரண்டு இரும்புப் பட்டைகள் அதைத் தாங்கிப் பிடிக்கும். ஒரு முனை கதவில், இன்னொரு முனை வண்டியின் பக்கத் தகட்டில். நான் ஊருக்கு வந்தபோது ஒரு பட்டை துருப்பிடித்து அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. மற்றதை நான் சோதித்துப் பார்க்கையில் அதுவும் அறுந்தது. (சோதனை என்றால் சும்மா தொட்டுத்தான் பார்த்தேன்.) அதன் பிறகு கதவைத் திறந்தால் அது மட்டமாக நிற்காமல் மடாரென்று கீழே போய் பம்பரில் மோதும்.

இது கல்யாணத்துக்கு முந்தைய நிலவரம். கல்யாணக் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். செலின் நர்ஸ். மாப்பிள்ளை ஜெபினும் அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர்கள் வீடு திருவட்டாறு பக்கம். ரப்பரும் வாழையும் உள்ள இடம். இரண்டு பேரும் விரும்பி, இரண்டு வீடும் சம்மதித்த கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. ஜெபினுடைய அம்மா சாது. அப்பா அதைவிடச் சாது. பேசினால் ரப்பர் மரத்தில் பால் குறைந்துவிடும் என்பதுபோல் இருப்பார். ஆனால் அந்த வீட்டில் பேச்சுக்கு என்று தனியாக ஒரு ஆள் உண்டு. அது ஜெபினின் பெரியம்மா.

நிச்சயதார்த்தத்தில் அந்த அம்மா அப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். "எங்க பக்கத்துல பெண்ணுக்கு ஒரு வண்டியும் குடுத்து விடுறது வழக்கமாக்கும், சம்மந்தி. நாங்க கேக்கல்ல கேட்டியளா. சும்மா வழக்கத்தச் சொன்னேன்."

அப்பாவும் சிரித்துக்கொண்டே, "எங்கிட்ட ஒரு ஜீப்பு கெடக்கு. அது எனக்கே பாதி நாளு ஓடாது" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மா மட்டும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

கல்யாணம் முடிந்து செலின் அந்த வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது, அவர் வழக்கத்தை ஒரு தடவை மட்டும் சொல்கிறவர் இல்லை என்று. செலின் எனக்குப் போன் செய்தாள். அழுது முடித்துவிட்டுப் பேசுகிற குரல்.

"அண்ணா, பெரிய மாமி இண்ணைக்கும் ரோட்டப் பாத்துட்டு, 'ஏதாவது வண்டி வருதா பிள்ளே'ண்ணு கேட்டாவ. பக்கத்து வீட்டுக்காரிய எல்லாம் நிண்ணு சிரிக்குதாவ. இவிய என்ன சொன்னாலும் நான் சகிச்சுக்கிடுவேன். நீங்க அடுக்களை காண வாற அண்ணைக்கு மட்டும் ஒரு கொறையும் வராமப் பாத்துக்கிடுங்க. அப்பாவ யாரும் எளக்காரமாப் பாக்கக் கூடாது. அது போதும் எனக்கு."

"ஏட்டி, நான் இருக்கேம்லா? நீ ஒண்ணுக்கும் பயப்படாண்டாம்" என்றேன். சேஃப்டி ஆபீசர் அல்லவா.

அடுக்களை காணுவது என்பது எங்கள் மாவட்டத்துச் சடங்கு. கல்யாணம் கழிந்து சில நாளில் பெண்வீட்டார் பாத்திரம், பலகாரம், பழக்குலை எல்லாம் ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், பெண் புழங்கப்போகும் அடுக்களையைப் பார்த்துவிட்டு வர வேண்டும். பெயர்தான் நாம் அடுக்களையைக் காண்பது. உண்மையில் அவர்கள் நம்மைக் காண்பார்கள்.

என் சிநேகிதன் ஆன்றோ வள்ளத்தில் போகிறவன். விஷயத்தைக் கேட்டதும், "ஏலே மக்கா, ஒரு டெம்போவ விளி. காரியம் முடிஞ்சுது" என்றான். புத்தியுள்ள பேச்சு. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"வாடகை வண்டியில போனா அந்தம்மாக்கு இன்னும் ஒரு வருசத்துக்குப் பேச்சு கெடச்சுரும். எனக்க வண்டியிலதான் போவேன். எனக்கும் ஒரு வண்டி உண்டுண்ணு அவிய பாக்கட்டு" என்றார். அப்படிப் பேசும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்கு அந்த அம்மாள்மேல் கோபம் கோபமாக வந்தது. ஜீப்பை நானே சரிசெய்வது என்று முடிவெடுத்தேன். கோபத்தில் எடுக்கிற முடிவு எதுவும் எனக்கு இதுவரை சரியாக வந்ததில்லை.

நாகர்கோவிலில் பழைய வண்டிச் சாமான் கடைக்குப் போய் அறுந்த பட்டையைக் காட்டினேன். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த மாடலா? இதுக்குச் சாமான் வாறது நிண்ணு எவ்வளவோ காலம் ஆச்சு, தம்பி. வேணும்னா ஒங்க வண்டிய இங்க விட்டுருங்க. அதையே சாமானா வச்சுக்கிடுகேன்" என்றார். சங்கிலி மாட்டச் சொன்னார். சங்கிலி இரும்பு, மறுபடியும் துருப்பிடிக்கும் என்று நான் அவருக்குப் பாடம் எடுத்தேன். வெல்டிங் பட்டறையில் நாளை கழித்து வரச் சொன்னார்கள். எங்கள் பயணம் மறுநாள்.

அப்போதுதான் எனக்கு அந்த ஞானம் உதித்தது. நான் கடற்கரைக்காரன். எதற்கு இரும்பு? வள்ளத்தை நங்கூரத்தோடு பிடித்து நிறுத்துகிற நைலான் கயிறு இருக்கிறதே! உப்புத் தண்ணீரில் எத்தனை காலம் கிடந்தாலும் துருப்பிடிக்காது. (துருப்பிடிக்க அதில் இரும்பே இல்லை. ஆனாலும் அன்று முழுவதும் அதை என் சொந்தக் கண்டுபிடிப்புப்போல் சொல்லிக்கொண்டு அலைந்தேன்.)

எங்கள் ஊரில் ஒருவனுக்குப் படிப்பு வரவில்லை என்றால் பொறுத்துக்கொள்வார்கள். முடிச்சுப் போட வராது என்றால் பெண் கொடுக்க யோசிப்பார்கள். கடலுக்குள் உயிரே முடிச்சில்தான் இருக்கிறது. அதனால் எதைக் கட்டினாலும் நாங்கள் கயிற்றைப் பார்ப்போம், முடிச்சைப் பார்ப்போம், இரண்டும் சரி என்றால் நிம்மதியாகத் தூங்கப் போவோம். எதில் கட்டியிருக்கிறோம் என்று பார்க்கும் வழக்கம் இல்லை. வள்ளத்தில் கட்டினால் வள்ளம் எங்கே போகப்போகிறது?

நானும் ஆன்றோவும் பழைய பட்டைகளைக் கழற்ற உட்கார்ந்தோம். கதவில் இருந்த போல்ட்டுகள் உயிரை வாங்கின. மண்ணெண்ணெய் விட்டு, சுத்தியலால் அடித்து, அவற்றின் குலத்தையே ஏசிக் கழற்றினோம். வண்டியின் பக்கத் தகட்டில் இருந்தவை மட்டும் ஒரு தட்டிலேயே கையோடு வந்தன.

"பாத்தியா மக்கா, எனக்க கைராசி!" என்றேன்.

போல்ட் இருந்த இடத்தில் ஓட்டை கொஞ்சம் பெரிசாகவே இருந்தது. உள்ளேயிருந்து செங்கல்பொடி மாதிரி ஏதோ கொட்டியது. கயிறு நுழைய வசதியாகப் போயிற்று என்று இரண்டு பேரும் சந்தோஷப்பட்டோம்.

கட்டுவதற்கு முன்னால் லோடு டெஸ்ட் செய்ய வேண்டும் என்றேன். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு புன்னை மரம் நிற்கிறது. அதன் கொம்பில் கயிற்றைக் கட்டி நானும் ஆன்றோவும் ஒன்றாகத் தொங்கினோம். மீன் விற்றுவிட்டுத் திரும்பிய ஒரு அக்கா சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏலே, ரெண்டு பேரும் என்ன செய்யுதிய?"

"லோடு டெஸ்ட் பண்ணுதோம்க்கா."

"நாசமாப் போவானுவ. அந்தப் புன்னை மரத்துக்குப் பேசத் தெரிஞ்சா வெளங்கும்" என்றுவிட்டுப் போனாள்.

கயிறு அசையவில்லை, முடிச்சு நழுவவில்லை. சோதனை வெற்றி. கயிற்றை ஜீப்பில் கோத்து, நங்கூரத்துக்குப் போடுகிற முடிச்சைப் போட்டு இறுக்கினோம். நைலான் கொஞ்சம் இழுபடும் என்பதால் கதவு முழுசாக மட்டத்தில் நிற்காமல் லேசாகத் தலைகுனிந்து நின்றது. மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற வண்டி பணிவாக இருப்பது நல்லதுதானே என்று ஆன்றோ சொன்னான். முடிச்சுப் போட்ட இரண்டு மூலையிலும் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, தேதி எழுதி, கையெழுத்துப் போட்டேன். அப்பா வந்து கயிற்றை இழுத்துப் பார்த்தார், முடிச்சைத் தடவிப் பார்த்தார். "கொள்ளாம்லே" என்றார். வளைகுடாவில் எந்த மேனேஜர் பாராட்டியும் எனக்கு அப்படி நெஞ்சு நிறைந்ததில்லை.

மறுநாள் காலை கிளம்பினோம். ஜீப்பில் அண்டா, குடம், குத்துவிளக்கு, கிரைண்டர், செந்துளுவன் வாழைக்குலை, மட்டி வாழைக்குலை, பெரிய பெரிய டின்களில் முந்திரிக்கொத்தும் முறுக்கும். அப்பா வெள்ளை வேட்டி கட்டி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தேர் ஓட்டுகிறவர்போல் உட்கார்ந்திருந்தார். உறவுக்காரப் பெண்கள் பின்னால் வேனில் வந்தார்கள். ஆன்றோ பாத்திரங்களுக்கு நடுவில் இருந்தான்.

மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் ஜீப்பை ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினார் அப்பா. அக்கம்பக்கத்துச் சனம் முழுவதும் நின்றது. வாசலில் பெரியம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். செலின் அடுக்களை வாசலில், கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு, என் முகத்தையே பார்த்தாள். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

கதவைத் திறந்தேன். நின்றது! பாத்திரங்கள் ஒவ்வொன்றாகக் கதவில் வந்து, அங்கிருந்து பெண்கள் கைக்குப் போயின. அண்டாவையும் பழக்குலைகளையும் கதவுக்கு நேர் கீழே முற்றத்தில் அடுக்கினோம். கிரைண்டரைக் கதவின் நுனி வரைக்கும் தள்ளி வைத்தோம். கதவு இன்னும் கொஞ்சம் குனிந்தது, ஆனால் நின்றது. இவ்வளவோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், இன்று இந்தக் கட்டுரையும் இல்லை, என் மானமும் மிஞ்சியிருக்கும்.

பெரியம்மா எழுந்து வந்தார். கயிற்றை ஒரு விரலால் தொட்டார். "இது என்ன சம்மந்தி, கயிறு போட்டுக் கெட்டி வச்சிருக்கு? வண்டியா, வள்ளமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டார். செலின் தலைகுனிந்துகொண்டாள். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"மாமி, இது சாதாரணக் கயிறு இல்ல. டெஸ்ட் பண்ணி ஸ்டிக்கர் ஒட்டினதாக்கும். இதுல ஆனையே ஏறி நிண்ணாலும் அறாது" என்றேன்.

"அப்பிடியா? ஆனைக்கு இப்ப எங்க போவ?"

ஆனை எதற்கு, நான் இருக்கிறேன் என்று நினைத்துவிட்டேன். ஒரே சாட்டத்தில் கதவின்மேல் தாவி ஏறி, கிரைண்டருக்குப் பக்கத்தில் நின்றேன். கதவு நின்றது. அதோடு இறங்கியிருக்கலாம். "பாத்தியளா!" என்று சொல்லிவிட்டு, அழுத்தம் திருத்தமாகப் புரியட்டும் என்று இரண்டு காலையும் தூக்கி ஒரு சாட்டம் சாடினேன்.

கயிறு அறவில்லை. இதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன். முடிச்சும் அவிழவில்லை. ஆனால் முடிச்சு எதைப் பிடித்திருந்ததோ, அந்த ஜீப் பிய்ந்து வந்துவிட்டது. வலதுபக்க மூலை, காகிதம் கிழிகிற சத்தத்தோடு ஜீப்பை விட்டுப் பிரிந்தது. அடுத்த நொடி இடதுபக்கமும் பிரிந்தது. அத்தனை வருஷமாக அங்கே இருந்தது தகடு இல்லை, அப்பா அடித்த பெயின்ட்தான் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கிரைண்டர் வழுக்கிக்கொண்டு மட்டிக் குலைமேல் போய் மெத்தென்று உட்கார்ந்தது. அதற்கு ஒரு கீறலும் இல்லை. நான் அண்டாவுக்குள் உட்கார்ந்தேன். கையும் காலும் வெளியே, மற்றதெல்லாம் உள்ளே. பின்னாலேயே டின் ஒன்று சரிந்து வந்து, முந்திரிக்கொத்து முழுவதும் என் தலையில் கொட்டியது. எங்கிருந்தோ கோழிகள் ஓடிவந்தன.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது தேவலை. அப்பா ஜீப்பில் கையை ஊன்றிக்கொண்டு கிழிந்த மூலையையே பார்த்தார். பெரியம்மா நிதானமாக ஒரு வார்த்தை சொன்னார். "வண்டி தர மாட்டியண்ணு தெரியும். வந்த வண்டியும் இப்பிடியாக்கும்ணு தெரியாமப் போச்சு."

அப்பாவின் முகம் வெளிறியது. அண்டாவை விட்டு எழுந்திருக்க நான் முயன்றேன்; அண்டாவும் கூடவே எழுந்தது. தங்கை என்னிடம் கேட்டது ஒரே ஒரு பொழுது. அதைக் காப்பாற்றிக் கொடுக்கத் துப்பில்லாமல், கோழி கொத்த உட்கார்ந்திருந்தேன்.

செலின் முற்றத்துக்கு இறங்கி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, கோழியைத்தான் விரட்டினாள். வலதுபக்கக் கயிற்றின் நுனியில் உள்ளங்கை அகலத்தில் பச்சைத் தகடு ஒன்று முடிச்சோடு தொங்கிக்கொண்டிருந்தது. கதவிலிருந்து மறுமுனையை அவிழ்க்கப் பார்த்தாள், முடியவில்லை. (அவிழாது. அது நங்கூர முடிச்சு.) ஆன்றோவிடம் கத்தி வாங்கிக் கயிற்றை அறுத்தாள். தகட்டை முந்தானையால் துடைத்தாள். பிறகு நேராகப் பெரியம்மா முன்னால் போய், பழத்தட்டு நீட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் நீட்டினாள்.

"பெரிய மாமி, வண்டி எப்ப வரும்ணு தெனமும் கேட்டியள்ளா? எங்கப்பாக்கு மொத்தமாத் தர ஒக்கல்ல. கொஞ்சம் கொஞ்சமாத் தாறாவ. இது மொதல் துண்டு. எங்க வைக்கட்டும்?"

முதலில் ஒரு விநோதமான சத்தம் வந்தது. ஜெபினுடைய அந்தச் சாது அப்பா சிரிக்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்து ஜெபின், அவன் அம்மா, பக்கத்து வீட்டுக்காரர்கள், ஆன்றோ. கடைசியில் அப்பாவும் தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் அண்டாவுக்குள் இருந்தே சிரித்தேன். கொஞ்சம் அழுகையும் கலந்திருந்தது.

பெரியம்மா தகட்டைப் பார்த்தார், செலினைப் பார்த்தார். அவர் உதட்டோரம் ஏதோ அசைந்தது. "அடுக்களையில கொண்டு வை பிள்ளே. வாசல்ல கெடந்தா கால்ல கீறும்" என்றுவிட்டு உள்ளே போனார். அன்றைய பந்தியில் என் இலையில் மீண்டும் மீண்டும் பாயசம் விட்டது அவர்தான். என்மேல் இரக்கமா, எகத்தாளமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திரும்பி வரும்போது பின்கதவைக் கழற்றி ஜீப்புக்குள்ளேயே போட்டுக்கொண்டு வந்தோம். முட்டம் கலங்கரை விளக்கம் கண்ணில் பட்டதும் அப்பா, "ஆனா ஒண்ணு சொல்லணும்லே. கயிறு நல்ல கயிறு" என்றார்.

அந்தத் தகட்டை செலின் அடுக்களை உத்தரத்தில் கயிற்றோடு தொங்கவிட்டாள். அதன் வளைந்த மூலை பழச்சீப்பு மாட்ட நல்ல கொக்கியாக அமைந்தது. என் பச்சை ஸ்டிக்கரும் கையெழுத்தும் அதில் இன்னும் இருக்கின்றன. யார் விருந்துக்கு வந்தாலும் ஜெபின் அதைக் காட்டி, "இது எங்க காரு. சேஃப்டி செக் பண்ணினது எனக்க மச்சான்" என்பான். நான் எப்போது போனாலும், "மச்சான், அடுத்த துண்டு கொண்டு வந்தியளா?" என்பதுதான் அந்த வீட்டில் எனக்கு வரவேற்பு. செலினிடம் அதன் பிறகு யாரும் வண்டியைப் பற்றிக் கேட்டதில்லை.

போன வருஷம் ஜீப்பைப் பழைய இரும்பு எடுக்கும் ஆக்கர்க்காரரிடம் கொடுக்க அப்பா முடிவு செய்தார். மனசே இல்லாமல்தான் செய்தார். கொடுப்பதற்கு முன் வண்டியை முழு உருவமாக ஒரு தடவை போட்டோ எடுக்க வேண்டும் என்று ஆசை. அந்த மூலைத் தகட்டை ஒரு நாளைக்குக் கொடுத்துவிடச் சொல்லி செலினுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். செலின் பதில் சொல்வதற்குள் யாரோ போனைப் பிடுங்கும் சத்தம் கேட்டது.

"சம்மந்தி, நான் ஜெபினுக்க பெரியம்மா பேசுதேன். எங்க மருமவளுக்குச் சீராத் தந்தத இப்பத் திருப்பிக் கேக்குதியளே, இது என்ன வழக்கம்? அது இங்கதான் கெடக்கும். மிச்ச வண்டிய எப்ப அனுப்புவியண்ணு சொல்லுங்க."

அப்பா ஜீப்பை விற்கவில்லை. பச்சைப் பெயின்ட் அடித்து மூடி வைத்திருக்கிறார்.